சொந்த இன்டர்பிரெட்டருக்கு ஜிசி எழுதுவது: எந்த வரிசையில், எங்கே கவனமாக

சி மொழியில் ஒரு சின்ன இன்டர்பிரெட்டர் எழுதியிருக்கிறீர்கள். எண், ஸ்டிரிங், ஃபங்ஷன், லூப் எல்லாம் ஓடுகின்றன. மெமரி தேவைப்பட்ட இடத்திலெல்லாம் மால்லாக் போட்டிருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ மட்டும் எங்குமே இல்லை. அங்கிருந்து, வேண்டாத மெமரியைத் தானே திருப்பி எடுத்துக்கொள்ளும் ஜிசி (கார்பேஜ் கலெக்டர்) வரை எப்படிப் போவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரச்சினையின் அளவைப் பார்க்க ஒரு சின்ன நிரல் போதும். காலி ஸ்டிரிங்கில் தொடங்கி, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பைட் எழுத்தை ஒட்டிக்கொண்டே போங்கள். பத்தாயிரம் சுற்று முடிந்ததும் கையில் இருப்பது 10,000 பைட் ஸ்டிரிங். வழியில் உருவாகி, யாருக்கும் வேண்டாமல் போன ஸ்டிரிங்குகளின் மொத்தம் சுமார் 5 கோடி பைட், அதாவது 50 எம்பி. ஒரு லட்சம் சுற்று ஓடவிட்டால் 5 ஜிபி.

எட்டக்கூடிய ஆப்ஜெக்டுகளைக் குறித்து வைத்து, மீதியை விடுவிக்கும் மார்க்-ஸ்வீப் அல்காரிதத்தை விளக்க எத்தனையோ பாடங்கள் இருக்கின்றன. அதற்கான நிரல் நூறு வரிகூட வராது. ஒரு மாலை வேலை. நேரத்தைத் தின்பது வேறு. இன்னும் புழக்கத்தில் இருக்கும் ஆப்ஜெக்டை ஜிசி விடுவித்துவிடும். கிராஷ் அந்த இடத்தில் நடக்காது. கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனில் நடக்கும். டீபக்கர் காட்டும் வரியில் தப்பே இருக்காது. நான் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்த வரிசை இது. முழுக்க முழுக்க அந்த ஒரு வகைப் பிழையை மனதில் வைத்துப் போட்டது. குறிப்பாக, 4-ஐ முடிக்காமல் 5-க்குப் போகாதீர்கள்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவையா?

இன்டர்பிரெட்டரை எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பைத்தான், ஜாவா, கோ, ஜாவாஸ்கிரிப்ட் என்றால் அந்த மொழியின் ஜிசியே உங்கள் ஆப்ஜெக்டுகளையும் பார்த்துக்கொள்ளும். தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் எழில் மொழியின் இன்டர்பிரெட்டர் பைத்தானில் எழுதப்பட்டது. அதற்குத் தனியாக ஜிசி எழுத வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், வேண்டாத ஆப்ஜெக்டை ஏதோ ஒரு கேஷிலோ குளோபல் பட்டியலிலோ பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான்.

சி, சி++, ரஸ்ட், ஜிக் என்றால் பொறுப்பு உங்களுடையது. அதிலும், ஓடி முடிந்து வெளியேறும் சின்ன ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும்தான் மொழி என்றால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாம். புரோகிராம் முடிந்ததும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வி: ரெஃபரன்ஸ் எண்ணிக்கையா, மார்க்-ஸ்வீப்பா? எண்ணிக்கை முறையில் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன்னை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கும், பூஜ்யமானதும் போய்விடும். மெமரி உடனுக்குடன் திரும்பக் கிடைக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று சுட்டினால் இரண்டுமே என்றைக்கும் போகாது. அதனால்தான் சிபைத்தான் எண்ணிக்கையை வைத்துக்கொண்டே, சுழற்சிகளைக் கண்டுபிடிக்க மேலே இன்னொரு ஜிசியும் ஓட்டுகிறது. அதோடு, மதிப்பு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கூட்டலும் கழித்தலும் சரியாக இருக்க வேண்டும். ஒரு கழித்தல் விட்டுப்போனால் லீக், அதாவது அந்த மெமரி திரும்பி வராது. ஒன்று அதிகமானால் கிராஷ். முதல் முறை எழுதுபவருக்கு நான் மார்க்-ஸ்வீப்பைத்தான் சொல்வேன்.

2. எல்லா மெமரியும் ஒரே வாசல் வழியாக

மால்லாக், ரீஅலாக், ஃப்ரீ மூன்றையும் நேரடியாக அழைப்பதை நிறுத்துங்கள். பழைய பாயின்டர், பழைய அளவு, புதிய அளவு ஆகியவற்றை வாங்கிக்கொள்ளும் ஒரே ஃபங்ஷன் எழுதி, எல்லாவற்றையும் அதன் வழியாக விடுங்கள். புதிய அளவு பூஜ்யம் என்றால் விடுவிப்பு. இந்த ஃபங்ஷன் ஒரு கவுன்ட்டரில் மொத்த பைட் கணக்கையும் வைத்திருக்கட்டும். எப்போது ஜிசி ஓட வேண்டும் என்ற முடிவு பின்னால் இந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தலைப்பகுதி ஒன்று வேண்டும்: என்ன வகை, மார்க் ஆகிவிட்டதா, பட்டியலில் அடுத்த ஆப்ஜெக்ட் எது. 64 பிட் கணினியில் இது 16 பைட்டில் அடங்கும். சிறிய ஆப்ஜெக்டுகளுக்கு இந்தச் செலவு எவ்வளவு கனம் என்று ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 'அம்மா' என்ற ஸ்டிரிங்கை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15, முடிவுக்குறியோடு 16. தலைப்பகுதி 16, நீளமும் ஹாஷும் 8, எழுத்துகளைச் சுட்டும் பாயின்டர் 8 என்று ஆப்ஜெக்ட் 32 பைட். எழுத்துகள் தனி மால்லாக்கில் 16. லினக்ஸின் கிலிப்சி மால்லாக் தன் குறிப்பையும் சேர்த்து 16-இன் மடங்காக்குவதால் முதலாவது 48, இரண்டாவது 32. ஆக மொத்தம் 80 பைட். எழுத்துகளை ஆப்ஜெக்டின் வாலிலேயே ஒட்டிவிட்டால் பாயின்டர் தேவையில்லை. 40 பைட் கேட்டு 48-இல் முடிந்துவிடும். மால்லாக் அழைப்பும் ஒன்றுதான். இந்த மாற்றத்தை இப்போதே செய்துவிடுங்கள். பிறகு செய்தால் ஸ்டிரிங்கைத் தொடும் எல்லா இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பொறி. விடுவிக்கும்போது பழைய அளவைத் தப்பாகக் கொடுத்தால் எதுவும் உடையாது. கவுன்ட்டர் மட்டும் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டு போகும். அது குறியில்லா எண் என்பதால், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். அப்புறம் ஜிசி நிற்காமல் ஓடும். புரோகிராம் முடிவில் எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு, கவுன்ட்டர் சரியாகப் பூஜ்யமா என்று ஓர் அசர்ட் போட்டு வையுங்கள்.

3. ரூட் பட்டியலை எழுத்தில் வையுங்கள்

இந்த வேலைக்கு ஆவணம் என்று இரண்டே இரண்டுதான். இரண்டையும் சோர்ஸ் ஃபைலின் தலையில் கமென்டாக எழுதி வையுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

முதலாவது, ஆப்ஜெக்ட் வகைகளின் அட்டவணை. ஒவ்வொரு வகையும் வேறு எந்தெந்த ஆப்ஜெக்டைச் சுட்டுகிறது? ஸ்டிரிங் எதையும் சுட்டாது. ஃபங்ஷன் தன் பெயரையும் மாறிலிப் பட்டியலையும் சுட்டும். குளோஷர் தன் ஃபங்ஷனையும், பிடித்து வைத்திருக்கும் மாறிகளையும் சுட்டும். இப்படியே எல்லா வகைக்கும்.

இரண்டாவது, ரூட்டுகள். அதாவது வேறெந்த ஆப்ஜெக்டும் சுட்டாவிட்டாலும் உயிரோடு இருக்க வேண்டியவை. விஎம் (நிரலை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின்) மதிப்புகளை வைத்திருக்கும் ஸ்டாக்கும் குளோபல் மாறிகளும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் அழைப்புகளின் ஃபிரேம்களில் உள்ள குளோஷர்கள், இன்னும் ஸ்டாக்கிலேயே இருக்கும் குளோஷர் மாறிகளின் பட்டியல் ஆகியவை பாதிப்பேருக்கு வரும். கிட்டத்தட்ட யாருக்கும் வராதது கம்பைலர். நிரலைப் பைட்கோடாக, அதாவது விஎம் ஓட்டும் கட்டளைகளாக, மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிரிங்குகளும் ஃபங்ஷன்களும் உருவாகின்றன. அவை இன்னும் விஎம்முக்குள் வரவில்லை. அந்த நேரத்தில் ஜிசி ஓடினால் பாதி கம்பைல் ஆன ஃபங்ஷன் காணாமல் போகும். கம்பைலர் கையில் வைத்திருக்கும் ஃபங்ஷன்களை, உள்ளே உள்ளதிலிருந்து வெளியே வரை, ரூட் பட்டியலில் சேருங்கள். இன்டர்பிரெட்டர் தொடங்கும்போது ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளும் தனிப்பெயர்களும், உதாரணமாகக் கன்ஸ்ட்ரக்டரின் பெயர், இதே கணக்கில்தான் வரும்.

4. ஜிசிக்கு முன்னால் வதைச் சோதனை

சாதாரண ஓட்டத்தில் ஜிசி எப்போதாவது ஒருமுறைதான் ஓடும். பிழை இருந்தாலும், சரியாக அந்த நொடியில் ஓடினால்தான் வெளியே தெரியும். ஆகவே ஒரு கம்பைல் ஆப்ஷன் வையுங்கள்: அதைப் போட்டால், மெமரி கேட்கும் ஒவ்வொரு முறையும் முழு ஜிசி ஓட வேண்டும். ஜிசி ஃபங்ஷன் இப்போதைக்குக் காலியாக இருந்தாலும் பரவாயில்லை; கொக்கியை முதலில் மாட்டிவிடுங்கள்.

பெரிய மொழிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. ரூபியில் ஜிசி.ஸ்ட்ரெஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் ஸ்பைடர்மங்கியில் ஜிசிஜீல். லுவாவின் உள்சோதனைகளிலும் ஒவ்வொரு சோதனைப் புள்ளியிலும் முழுச் சுற்று ஓடவைக்கும் மேக்ரோ இருக்கிறது.

இதோடு, மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்து கம்பைல் செய்யுங்கள். ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு சி கம்பைலர்களிலும் இருக்கிறது, காசு கிடையாது. விடுவித்த மெமரியைத் தொட்ட உடனே நிறுத்தி மூன்று விவரம் கொடுக்கும்: எங்கே தொட்டீர்கள், எங்கே விடுவிக்கப்பட்டது, எங்கே உருவானது. இந்த மூன்றும் கையில் இருந்தால் பிழை நிமிடங்களில் பிடிபடும். வேகம் ஏறத்தாழ பாதியாகும். வால்கிரைண்டும் இதைக் கண்டுபிடிக்கும். ஆனால் 10 முதல் 50 மடங்கு வரை மெதுவாகும், வதைச் சோதனையோடு சேர்த்து ஓட்டினால் பொறுமை போய்விடும். எதுவும் இல்லாத சூழல் என்றால், விடுவிப்பதற்கு முன் அந்த இடத்தைப் பூஜ்யமல்லாத ஒரே எண்ணால் நிரப்பிவிடுங்கள். பூஜ்யம் வேண்டாம், அது காலி மதிப்பு போலத் தோன்றி, பிழையை மறைத்துவிடும்.

வதைச் சோதனையில் ஓட்டும் நிரல்கள் சிறியவையாக இருக்கட்டும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஹீப் முழுவதையும், அதாவது எல்லா ஆப்ஜெக்டுகளையும், நடந்து வருவதால், ஆப்ஜெக்ட் எண்ணிக்கை பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும்.

5. மார்க்

ரூட்டுகளில் தொடங்கி எட்டக்கூடிய ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் மார்க் பிட்டைப் போட வேண்டும். ஏற்கெனவே மார்க் ஆனதைத் திரும்பத் தொடாதீர்கள். இல்லாவிட்டால் சுழற்சியில் மாட்டி வெளியே வரவே மாட்டீர்கள்.

ரிகர்ஷனாக, அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்படி, எழுதத் தோன்றும். வேண்டாம். லினக்ஸில் புரோகிராமின் சி ஸ்டாக் வழக்கமாக 8 எம்பிதான். பயனர் யாராவது பத்து லட்சம் கண்ணிகள் கொண்ட லிங்க்டு லிஸ்ட் ஒன்றைக் கட்டினால், உங்கள் மார்க் ஃபங்ஷன் அத்தனை ஆழத்துக்கு இறங்கி விழுந்துவிடும். பதிலாக, பார்க்க வேண்டியவற்றை ஓர் அரேயில் போட்டு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அதன் குழந்தைகளை அதே அரேயில் சேருங்கள். அரே காலியானால் வேலை முடிந்தது.

அந்த அரேயை மட்டும் 2-ஆம் படியின் வாசல் வழியாக விடாதீர்கள்; நேரடி ரீஅலாக்தான். வாசல் வழியாகப் போனால், ஜிசி நடுவில் இடம் கேட்டு இன்னொரு ஜிசியைக் கிளப்பிவிடும்.

6. ஸ்வீப்

எல்லா ஆப்ஜெக்டுகளும் கோர்த்திருக்கும் பட்டியலில் நடந்து, மார்க் இல்லாததைக் கழற்றி விடுவியுங்கள். மார்க் உள்ளதில் பிட்டை அழித்துவிடுங்கள், அடுத்த சுற்றுக்கு.

ஒரே உள்ளடக்கம் கொண்ட ஸ்டிரிங்குகளை ஒரே ஆப்ஜெக்டாக வைக்கும் பொது அட்டவணை உங்களிடம் இருந்தால், அதை ரூட்டாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எந்த ஸ்டிரிங்கும் எப்போதும் போகாது. மார்க் முடிந்த பின், ஸ்வீப் தொடங்கும் முன், மார்க் ஆகாத ஸ்டிரிங்குகளை அந்த அட்டவணையிலிருந்து நீக்குங்கள். இந்த இடைவெளி முக்கியம். ஸ்வீப்புக்குப் பின் செய்தால், விடுவித்த ஆப்ஜெக்டின் மார்க் பிட்டைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

7. கையில் இருக்கும் ஆப்ஜெக்ட்

வதைச் சோதனையை இப்போது ஓட்டினால் இன்டர்பிரெட்டர் உடனே விழும். பயப்படாதீர்கள், அதற்குத்தான் அதை மாட்டினோம். விழும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஆப்ஜெக்ட் உங்கள் சி ஃபங்ஷனின் லோக்கல் மாறியில் மட்டும் இருக்கிறது, ஜிசிக்கு அது தெரியாது.

இரண்டு ஸ்டிரிங்குகளை ஒட்டும் கட்டளையைப் பாருங்கள். வலது ஸ்டிரிங்கை ஸ்டாக்கிலிருந்து எடுக்கிறீர்கள், இடதையும் எடுக்கிறீர்கள், இரண்டின் நீளத்தையும் கூட்டிப் புதிய ஆப்ஜெக்டுக்கு இடம் கேட்கிறீர்கள். அந்த நொடியில் ஜிசி ஓடுகிறது. எடுத்த இரண்டும் ஸ்டாக்கில் இல்லை, ஜிசி பார்க்கும் எந்த மாறியிலும் இல்லை, இரண்டும் போயின. அடுத்த வரியில் அவற்றிலிருந்து எழுத்துகளை நகலெடுக்கிறீர்கள். திருத்தம் எளிது: எடுக்காமல் எட்டிப் பார்த்து வேலையை முடியுங்கள், விடை தயாரான பின் இரண்டையும் எடுத்துவிட்டு விடையை வையுங்கள்.

இதே வகையில் இன்னும் சில. புதிய ஸ்டிரிங்கை உருவாக்கி, பொது அட்டவணையில் சேர்க்கப் போகிறீர்கள். அட்டவணை நிரம்பியிருந்தால் தன்னைப் பெரிதாக்க இடம் கேட்கும். புதிய ஸ்டிரிங் இன்னும் எங்கும் சேரவில்லை. சேர்ப்பதற்கு முன் அதை ஸ்டாக்கில் போட்டு, சேர்த்த பின் எடுங்கள். மாறிலிப் பட்டியலில் மதிப்பைச் சேர்க்கும் இடத்திலும் இதேதான். அப்புறம் பாதி கட்டிய ஆப்ஜெக்ட்: பட்டியலில் கோர்த்துவிட்டு, உள் அரேக்கு இடம் கேட்பதற்கு முன் அந்த பாயின்டரை NULL ஆக்கி, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மார்க் ஃபங்ஷன் குப்பை பாயின்டரைப் பின்தொடரும்.

இப்படி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகலாம். ஆனால் நீங்கள் சியில் எழுதி உங்கள் மொழிக்குத் தரப்போகும் ஒவ்வொரு நேட்டிவ் ஃபங்ஷனிலும் இந்தக் கவனம் என்றென்றைக்கும் வேண்டும். மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஓகேமலுக்கு சியில் நீட்சி எழுதினால் ஒவ்வொரு லோக்கல் மாறியையும் மேக்ரோ மூலம் பதிவு செய்ய வேண்டும். ரூபி சி ஸ்டாக்கையே துழாவி, ஆப்ஜெக்ட் முகவரி போலத் தெரிவதையெல்லாம் உயிரோடு வைத்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் கம்பைலரின் ஆப்டிமைசர் அந்த மாறியையே நீக்கிவிட்டால் காப்பாற்ற இன்னொரு மேக்ரோ தேவைப்படுகிறது. சிபைத்தான் 3.12-இலிருந்து ஆப்ஜெக்ட் உருவாகும் இடத்தில் ஜிசியை ஓட்டுவதையே நிறுத்திவிட்டது. இரண்டு பைட்கோடு கட்டளைகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது.

உங்களுக்கும் நான் சொல்வது இந்தக் கடைசி வழியைத்தான். இடம் கேட்கும்போது அளவு மீறியிருந்தால் ஒரு கொடியை மட்டும் ஏற்றுங்கள். லூப் பின்னோக்கித் தாவும் கட்டளையிலும் ஃபங்ஷன் அழைப்பிலும் கொடியைப் பார்த்து ஜிசியை ஓட்டுங்கள். அந்தப் புள்ளிகளில் எல்லா மதிப்பும் விஎம் ஸ்டாக்கில்தான் இருக்கும். வதைச் சோதனையும் அங்கே ஒவ்வொரு முறையும் ஓடட்டும்.

இதற்கும் விலை உண்டு. ஒரே நேட்டிவ் ஃபங்ஷன் உள்ளேயே நிறைய ஒதுக்கினால், அது முடியும்வரை எதுவும் திரும்பி வராது. இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: வரிசைப்படுத்தும் நேட்டிவ் ஃபங்ஷன், பயனர் கொடுத்த ஒப்பீட்டு ஃபங்ஷனை அழைக்கும். அந்த அழைப்பு மறுபடி இன்டர்பிரெட்டர் லூப்புக்குள் நுழைகிறது. உள்ளே ஜிசி ஓடலாம். வெளியே காத்திருக்கும் உங்கள் சி மாறிகள் பழைய ஆபத்திலேயே இருக்கின்றன. பயனரின் ஃபங்ஷனைத் திரும்ப அழைக்கும் நேட்டிவ் ஃபங்ஷன்களை மட்டும் தனியாகப் பட்டியல் போட்டு, அவற்றில் ஸ்டாக்கில் போட்டுக் காக்கும் பழைய முறையையே பின்பற்றுங்கள். பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும்.

8. எப்போது ஓட்டுவது, எவ்வளவு செலவு

ஒவ்வொரு ஜிசி முடிந்ததும், மிஞ்சியிருக்கும் பைட்டுகளை இரண்டால் பெருக்கி அடுத்த எல்லையாக வையுங்கள். லுவா 5.1 முதல் அதன் இடைவெளி அளவீட்டின் இயல்பு மதிப்பு 200 சதவீதம் என்று இருந்ததற்கும் பொருள் இதுவே. தொடக்க எல்லை 1 எம்பி போதும். அதற்கும் கீழே வைத்தால் சின்ன நிரல்களில் வீணாக ஓடும். சிபைத்தான் நீண்ட காலம் வேறு கணக்கு வைத்திருந்தது: உருவானவற்றில் விடுவித்தவற்றைக் கழித்து மீதி 700-ஐத் தாண்டினால் இளைய தலைமுறையைப் பார்ப்பது. அங்கே பெரும்பாலான குப்பையை எண்ணிக்கை முறையே அள்ளிவிடுவதால் அது சரி. உங்களுக்கு பைட் கணக்குதான் பொருந்தும்.

இரட்டிப்பு என்றால், உயிருள்ள தரவு 40 எம்பி என்றால் உச்சத்தில் 80 எம்பி வரை போகும். மெமரி குறைவான கருவியில் ஒன்றரை மடங்கு வையுங்கள். ஜிசி அடிக்கடி ஓடும், அவ்வளவுதான். மார்க் செய்யும் நேரம் உயிருள்ளவற்றைப் பொறுத்தது. ஸ்வீப் நேரம் செத்தவற்றையும் சேர்த்து மொத்தத்தைப் பொறுத்தது. ஜிசியின் தொடக்கத்திலும் முடிவிலும் மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தைப் படித்து, மிக நீண்ட இடைநிறுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். விளையாட்டுக்கு என்றால் நொடிக்கு 60 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், இடைநிறுத்தம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கினால், புதிய ஆப்ஜெக்டுகளை மட்டும் அடிக்கடி பார்க்கும் தலைமுறை ஜிசி, துண்டு துண்டாக ஓடும் ஜிசி பக்கமே போகாதீர்கள். இரண்டுக்கும், ஆப்ஜெக்டுக்குள் பாயின்டர் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அந்த மாற்றத்தை ஜிசிக்குச் சொல்லும் ரைட் பேரியர் வைக்க வேண்டும். 7-ஆம் படியின் தலைவலி புது உருவில் வரும்.

இரண்டு பொய் எச்சரிக்கைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிசி ஓடிய பிறகும் டாப் கட்டளை காட்டும் மெமரி குறையாமல் இருக்கலாம். கிலிப்சி, விடுவித்த சிறு துண்டுகளை உடனே ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுப்பதில்லை, அடுத்த மால்லாக்குக்காக வைத்துக்கொள்ளும். லீக்கா என்று பார்க்க உங்கள் சொந்த கவுன்ட்டரைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, கவுன்ட்டர் நிதானமாக இருந்து டாப் ஏறிக்கொண்டே போனால், ஏதோ ஒரு நேட்டிவ் லைப்ரரி வாசலுக்கு வெளியே மெமரி வாங்குகிறது. படத்தைத் திறக்கும் ஆப்ஜெக்ட் உங்கள் கணக்கில் 32 பைட். பின்னால் 8 எம்பி இருக்கும். அந்த அளவையும் கவுன்ட்டரில் கையால் சேர்த்துவிடுங்கள், விடுவிக்கும்போது கழியுங்கள்.

9. ஃபைனலைசரை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்

ஆப்ஜெக்ட் போகும்போது பயனரின் ஃபங்ஷனை ஓட்டும் வசதியை எல்லோரும் கேட்பார்கள். அந்த ஃபங்ஷன் செத்துக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டையே ஒரு குளோபல் மாறியில் வைத்து உயிர்ப்பிக்கலாம். புதிய ஆப்ஜெக்டுகளை உருவாக்கலாம். பைத்தானிலேயே, 3.4 வரும்வரை, சுழற்சியில் சிக்கிய ஆப்ஜெக்டுக்கு ஃபைனலைசர் இருந்தால் ஜிசி அதை விடுவிக்காமல் ஒரு பட்டியலில் ஒதுக்கி வைத்துவிடும். ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் மூடும் ஃபங்ஷன் ஒன்று கொடுத்து, மறந்துவிட்டால் ஸ்வீப்பின்போது நீங்களே சியில் மூடிவிடுங்கள். பயனரின் ஃபங்ஷனை அங்கே ஓட்டாதவரை ஆபத்து இல்லை.

10. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்ட வேண்டியவை

வதைச் சோதனையும் அட்ரஸ் சானிடைசரும் போட்ட பில்டில்: ஒன்றையொன்று சுட்டும் இரண்டு ஆப்ஜெக்டுகள், வெளி ஃபங்ஷன் முடிந்த பிறகும் அதன் மாறியைப் பயன்படுத்தும் குளோஷர், கம்பைலரைச் சோதிக்க நிறைய மாறிலிகள் கொண்ட நீளமான ஃபங்ஷன், ஒப்பீட்டு ஃபங்ஷனுக்குள் ஸ்டிரிங் ஒட்டும் வரிசைப்படுத்தல். சாதாரண பில்டில்: பத்து லட்சம் கண்ணி லிங்க்டு லிஸ்ட், முன்பு சொன்ன ஸ்டிரிங் லூப். லூப்பில் கவுன்ட்டரின் உச்சம் 1 எம்பி அருகிலேயே நிற்க வேண்டும். எல்லாவற்றின் முடிவிலும் கவுன்ட்டர் பூஜ்யம்.

புதிய ஆப்ஜெக்ட் வகை சேர்க்கும்போது தொட வேண்டிய இடங்கள் நான்கு: தலையில் உள்ள அட்டவணை, குழந்தைகளை மார்க் செய்யும் ஸ்விட்ச், விடுவிக்கும் ஸ்விட்ச், இந்தச் சோதனைத் தொகுப்பு. இரண்டு ஸ்விட்ச்சிலும் டிஃபால்ட் கிளை வைக்காதீர்கள். வகையை enum ஆக வைத்து வார்னிங்குகளை இயக்கிவிட்டால், விட்டுப்போன வகையை கம்பைலரே சொல்லிவிடும்.